முப்பது நாள் போர்டில் இருந்தது

மகனே,

சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. சௌக்கியமாகத்தான் இருப்பாய், புதுமாப்பிள்ளை ஆயிற்றே. உனக்குக் கல்யாணம் ஆகி பத்தொன்பது நாள் ஆகிறது. அது எனக்குத் தெரிந்து நான்கு நாள்தான் ஆகிறது. போனில் பேசலாம் என்றால், நீ இரண்டே வரியில் என் வாயை அடைத்துவிடுகிறாய். எனக்குப் பதில் தோன்றும்போது நீ போனை வைத்துவிட்டுப் போயிருப்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. நீ குறுக்கே பேச முடியாது. உன் அம்மா படித்த பிறகுதான் உறையில் போடப்போகிறேன். அவளுக்குத் தெரியாமல் நான் ஏதாவது செய்தால் அப்புறம் எனக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்?

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், அது என் தொழில் புத்தி. போன வியாழக்கிழமை பக்கத்து வீட்டு வாத்தியாருக்குக் கல்யாணச் சான்றிதழின் நகல் ஒன்று தேவைப்பட்டது. நீங்கள் வேலை பார்த்த பதிவு ஆபீஸ்தானே, கூட வாங்களேன் என்றார். போனேன். அவர் வரிசையில் நிற்க, நான் பழக்கதோஷத்தில் வராந்தாவிலிருந்த அறிவிப்புப் பலகை முன்னால் போய் நின்றேன். ரிடையர் ஆகும்வரை இருபத்தாறு வருஷம் அந்தப் பலகையில் காகிதம் குத்தியது இந்தக் கைதான். வேறு வேறு மதத்தைச் சேர்ந்த இரண்டு பேர் பதிவுத் திருமணத்துக்கு மனுக் கொடுத்தால், அந்த அறிவிப்பு முப்பது நாள் அங்கே தொங்க வேண்டும். ஆட்சேபணை இருப்பவர்கள் வந்து சொல்லலாம். முப்பது நாள் முடிந்ததும் அதைக் கழற்றிக் கோப்பில் வைப்பதுதான் மறுநாள் காலையில் என் முதல் வேலை. இப்போது இருப்பவர்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை. பழசும் புதுசும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதில் ஒரு காகிதத்தை நாலு மூலையில் குத்தாமல் இரண்டே மூலையில் குத்தியிருந்தார்கள். அது காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பலகையின் ஓரத்தில் சும்மா இருந்த இரண்டு குண்டூசிகளைப் பிடுங்கி மூன்றாவது மூலையைக் குத்தினேன், நான்காவதையும் குத்தினேன், கையால் ஒரு தடவை நீவிவிட்டேன். அதற்குப் பிறகுதான் படித்தேன். மணமகன் பெயர் உன் பெயர். தகப்பனார் பெயர் என் பெயர். விலாசம் நம் வீட்டு விலாசம். மணமகள், தையல்கடை காசிம் பாயின் மகள் ரெஹானா. முப்பது நாள் எப்போதோ முடிந்திருந்தது. உன் கல்யாண அறிவிப்பை ஒழுங்காகக் குத்திவைத்த பெருமை என்னைத்தான் சேரும்.

அங்கிருந்தே உனக்குப் போன் செய்தேன். நான் என்ன கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை, ஏதோ கத்தியிருக்கிறேன், வாத்தியார் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டார். நீ சொன்னது மட்டும் அப்படியே காதில் இருக்கிறது. "அப்பா, நான் எதையும் மறைக்கல. முப்பது நாள் போர்டுல இருந்துச்சு. நீங்க பாக்கல." இதைச் சொல்லும்போது உன் குரலில் கோபம்கூட இல்லை. எனக்கு அதுதான் தாங்கவில்லை. நீ சொன்னது என்னுடைய பேச்சு. ஆயிரம் பேரிடம் நான் சொன்ன பேச்சு.

நீ காலேஜில் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வஞ்சிரக் குழம்பும் சோறுமாக உட்கார்ந்திருந்தோம். யாரோ புரொபசர் வகுப்பில் கேட்டார் என்று ஒரு கேள்வியைக் கொண்டுவந்தாய். "யாருமே இல்லாத காட்டுல ஒரு மரம் விழுது. கேக்க ஒரு காதுகூட இல்ல. அப்போ சத்தம் வந்துச்சா, வரலையா?" நான் முதலில் புதுச்சேரியில் காடு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். நம் ஊரில் மரம் விழுந்தால் அதன் அடியில் ஒரு ஆட்டோவாவது நிற்கும், டிரைவர் சத்தம் மரத்தின் சத்தத்தை மிஞ்சிவிடும். நீ விடவில்லை. சத்தம் என்பது காதுக்குள்தான் இருக்கிறது, வெளியே வெறும் காற்று அசைவதோடு சரி, காது இல்லையென்றால் சத்தமே இல்லை என்றாய். கொல்லையில் தேங்காய் விழுந்து ஓடு உடைந்த கதையை நான் எடுத்தேன். நாம் மூன்று பேரும் கடலூரில் கல்யாண வீட்டில் இருந்தோம், இங்கே கேட்க ஆள் இல்லை, ஆனால் ஓடு உடைந்துதானே கிடந்தது? "ஓடு ஒடஞ்சது நிஜம், சத்தம் வந்தது ஒங்க யூகம்" என்றாய். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அந்த வாரம் முழுக்க நாம் சண்டை போட்டோம். அலாரம் கடிகாரத்தை பீரோவில் பூட்டிவிட்டு எல்லோரும் தெருவில் போய் நின்றதும், அலாரம் அடித்ததா என்று திரும்பி வந்து நீயும் நானும் பீரோவையே முறைத்துப் பார்த்ததும் எனக்கு இன்றைக்கும் சிரிப்பை மூட்டும். இன்றைக்கு மட்டும் மூட்டவில்லை.

கடைசியில் நான்தான் தீர்ப்புச் சொன்னேன். "எங்க ஆபீஸ்ல வந்து பாரு. போர்டுல ஒரு நோட்டீஸ் குத்துறோம். எவனும் படிக்க மாட்டான். ஆனா சட்டப்படி ஊருக்கே தெரிஞ்சுடுச்சுன்னுதான் அர்த்தம். அப்புறம் வந்து எனக்குத் தெரியாதுன்னா செல்லாது. மரம் விழுந்தா சத்தம் வந்தாச்சு. காது வெச்சுக்கிறது அவனவன் பொறுப்பு." நீ கைதட்டினாய். சட்டமே உன் புரொபசரைத் தோற்கடித்துவிட்டதாக எனக்கு ஒரே கர்வம். நம் தெருவில் பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், என் ஆபீஸ் எதுவாக இருந்தாலும், என்னை "எத்தா சிவில் தம்பி" என்றுதான் கூப்பிடுவார்கள்; பிறப்பு, இறப்பு, கல்யாணம் பதியும் ஆபீசுக்குப் பிரெஞ்சில் அதுதான் பெயர். அவர்களிடமெல்லாம் இந்தத் தீர்ப்பைச் சொல்லிக் காட்டினேன். அன்றைக்கு உன் அம்மா சொன்னதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அவள் ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னாள், "நான் இருவது வருஷமா இந்த வீட்ல பேசிக்கினு இருக்கிறேன். யார் காதுலயும் உழல. அப்போ நான் பேசவே இல்லியா?" நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை என்பது எனக்கு நேற்றுதான் ஞாபகத்துக்கு வந்தது.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவளிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தேன். அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "தெரியும்" என்றாள். எப்படித் தெரியும் என்றேன். "சாட்சிக் கையெழுத்துப் போட்டதே நான்தான." மகனே, இருபத்தாறு வருஷமாக நான் சாட்சிக் கையெழுத்துகளோடு குடும்பம் நடத்தியவன். மூன்று சாட்சி வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதில் ஒன்று என் பெண்டாட்டியாக இருக்கும் என்று மட்டும் தெரியவில்லை. உன் கல்யாண நாளான அந்தப் புதன்கிழமை காலையில் அவள் அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பியதை நான் பார்த்தேன், என்ன விசேஷம் என்றுகூடக் கேட்டேன். கோயிலுக்கு என்றாள். வரும் வழியில் கோயிலுக்கும் போனாளாம், அதனால் அது பொய் இல்லையாம். அன்றைக்கு நான் மத்தியானம் தனியாகச் சோறு போட்டுத் தின்றுவிட்டு, பேப்பரில் வந்த குறுக்கெழுத்தை முடித்துவிட்டோம் என்று சந்தோஷமாகத் தூங்கினேன். நீ மாலை மாற்றிக்கொண்டிருந்த நேரம் அதுவாகத்தான் இருக்கும்.

இது போதாதென்று அட்டெண்டர் மாணிக்கம். என்னிடம் வேலை பழகியவன். ரிடையர் ஆன பிறகும் தினம் காலையில் டீக்கடையில் அவனும் நானும் ஒன்றாகத்தான் டீ குடிக்கிறோம். உன் நோட்டீசைக் குத்தியது அவன். குத்திவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மசால் வடை தின்றிருக்கிறான், ஒரு நாள் இல்லை, முப்பது நாள். வெள்ளிக்கிழமை காலையில் அவனைப் பிடித்தேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "நீங்க சொல்லிக் குடுத்ததுதான சார். குத்துறதுதான் நம்ம வேலை, படிச்சுக் காட்டுறது நம்ம வேலை இல்லன்னு." பிறகு டீயைக் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான், "கண்டக்டர் பொண்ணு வெஷயத்த நானும் மறக்கல சார்." உன் புரொபசர் கேட்ட கேள்வியே தப்பு, மகனே. காட்டில் யாருமே இல்லையென்றால் அதில் என்ன துரோகம் இருக்கிறது? இங்கே பெண்டாட்டி இருந்தாள், சிநேகிதன் இருந்தான், ஆபீசில் பாதிப் பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டது. மரத்தடியில் குடியிருந்தவனுக்கு மட்டும் கேட்காமல் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொண்டீர்கள்.

கண்டக்டர் பெண் விஷயத்தை நான் இங்கே எழுதியாக வேண்டும். எழுதாமல் விட்டால் உன் அம்மா ஓரத்தில் எழுதுவாள். உனக்கு அப்போது பத்து வயது. நம் தெருக்கோடியில் இருந்த பஸ் கண்டக்டரின் பெண் ஒரு நாள் ஆபீசுக்கு வந்தாள், தவளக்குப்பத்துப் பையன் ஒருவனோடு. பையன் வேதக்காரன், கழுத்தில் சிலுவை. கவுண்டரில் என்னைப் பார்த்ததும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. மனுவை நீட்டிக்கொண்டே, "மாமா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க மாமா" என்றாள். சரிம்மா என்றேன். முறைப்படி நோட்டீஸ் குத்தினேன், நாலு மூலையிலும். சாயங்காலம் நேராக அவள் வீட்டுக்குப் போய் அவள் அப்பாவிடம் சொன்னேன். அடுத்த வாரம் அந்தப் பெண்ணை எங்கோ சொந்தக்காரர்கள் வீட்டுக்குக் கூட்டிப்போய், அங்கேயே யாருக்கோ கட்டிக்கொடுத்துவிட்டார்கள். பையன் முப்பதாம் நாள் தனியாக வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். இதை நான் வீட்டில் சாப்பிடும்போது பெருமையாகச் சொன்னேன், ஒரு குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றினேன் என்று. நீ தட்டிலிருந்து தலையைத் தூக்கி, "அந்த அக்கா சொல்ல வேணாம்னு கேட்டாங்கதானப்பா?" என்றாய். "கேட்டா? அதுக்கு இன்னாடா?" என்றேன். நீ மறுபடி தட்டுக்குக் குனிந்துகொண்டாய். நான் அந்தக் கேள்வியை உன் விளையாட்டுப் புத்தி என்று நினைத்தேன். நீ அன்றைக்கே என்னைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாய் என்று இப்போது புரிகிறது.

என்னிடம் சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று நான்கு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதல் நாள், தாராளமாகச் சம்மதித்திருப்பேன், படுபாவி கேட்காமல் போனானே என்று அழுதேன். ஆம், அழுதேன், எழுத வெட்கமில்லை. இரண்டாம் நாள், உன் அத்தை மகள் கல்யாணம் முடியட்டும் என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டிருப்பேன் என்று தோன்றியது. மூன்றாம் நாள் ஷேவிங் செய்யும்போது உண்மை தெரிந்தது. சரிப்பா என்று உன்னிடம் சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு காசிம் பாய் கடைக்குப் போயிருப்பேன். கெட்ட எண்ணத்தில் இல்லை. ஒரு தகப்பனுக்குத் தெரிய வேண்டாமா என்று. கண்டக்டரிடம் போனதும் அதே எண்ணத்தில்தான். இதை ஒப்புக்கொள்வதால் உன் மேல் கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. நீ என்னைச் சரியாகக் கணித்தாய் என்பது வேறு, என்னை ஏமாற்றினாய் என்பது வேறு. முதலாவதற்கு நான் வெட்கப்படுகிறேன். இரண்டாவதற்கு நீ வெட்கப்பட வேண்டும்.

இனிமேல்தான் விஷயம். நேற்று உன் அம்மா நீ சொல்லச் சொன்னதாகச் சொன்னாள்: ரெஹானா வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது, அடுத்த மாதம் வேலை என்று சொல்லிக்கொண்டு அவள் நீ இருக்கும் பெங்களூருக்கு வந்துவிடுவாள், ஆறு மாதம் கழித்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம், அதுவரை அப்பா வாயைத் திறக்கக் கூடாது. சரி என்று நான் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்று காலையில் காசிம் பாய் கடைக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெரியாது. ஒரு சட்டைத் துணியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன், சாக்கு வேண்டுமே. இருபது வருஷமாக எனக்குத் தைப்பவர்; உன் ஸ்கூல் யூனிபார்ம் முழுக்க அவர் கை. அந்தப் பெண் சின்னதாக இருக்கும்போது அந்தக் கடையில் உட்கார்ந்து உன் சட்டைக்குப் பட்டன் எடுத்துக் கொடுத்திருக்கிறது. பாய் என்னைக் கைகளை விரித்து நிற்கச் சொல்லி, மார்பைச் சுற்றி டேப்பைப் போட்டார். "எளச்சுட்டீங்களேண்ணே, ஒடம்புக்கு இன்னா?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். டேப்பைக் கழுத்துக்குக் கொண்டுபோகும்போது சொன்னார், "பாப்பா பெங்களூருக்கு வேலைக்குப் போறேங்குதுண்ணே. எனக்கு மனசே இல்ல. அப்புறம் நெனச்சேன், ஒங்க புள்ள அங்கதான இருக்காரு. ஒரு அண்ணன் மாதிரி கொஞ்சம் பாத்துக்கச் சொல்லுங்க. தெரிஞ்ச புள்ள ஒண்ணு அந்த ஊர்ல இருக்குதுன்னா எனக்குத் தூக்கம் வரும்."

கழுத்தில் டேப்போடு நின்றேன். கையை விரித்தபடியே நின்றேன், இறக்கத் தோன்றவில்லை. சொல்லிவிடு என்று ஒன்று உள்ளே பிடித்துத் தள்ளியது. உன் மேல் இருந்த ஆத்திரம் பாதி, அவர் மேல் இருந்த பரிதாபம் பாதி. ஒரு வாக்கியம் போதும், மகனே. நீங்கள் இரண்டு பேரும், உன் அம்மாவும், அந்த மாணிக்கமும் எனக்குச் செய்ததற்கெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். "சொல்றேன் பாய்" என்று மட்டும் சொன்னேன். அவர் மனசு குளிர்ந்து, அளவைச் சாக்பீசால் துணியில் எழுதிக்கொண்டார். படி இறங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, டீக்கடையில் மாணிக்கம் என் பக்கத்தில் முப்பது நாள் எப்படி உட்கார்ந்திருந்தானோ, அப்படித்தான் நானும் அந்த மனுஷன் முன்னால் நின்றுவிட்டு வருகிறேன் என்று. அப்படி ஒரு முறை நின்றாகிவிட்டது. ஆறு மாதம் நிற்க என்னால் ஆகாது.

உனக்குப் புத்திமதி சொல்லும் தகுதியை நான் இழந்துவிட்டேன் என்று நீ நினைக்கலாம். ஆனாலும் பதிவு ஆபீசில் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். அந்தப் பலகை சட்டத்துக்கு. அந்நியருக்கு. உன்னைத் தூக்கி வளர்த்தவனுக்கு அது இல்லை. ரெஹானாவைத் தூக்கி வளர்த்தவருக்கும் இல்லை. அவர்களுக்கு எதிரில் வந்து, முகத்தைப் பார்த்து, வாயால் சொல்ல வேண்டும். பயமாகத்தான் இருக்கும். உனக்கு என்னிடம் இருந்த பயத்துக்காவது காரணம் இருந்தது, நான் ஏற்கெனவே ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தவன். அந்த மனுஷன் உங்களுக்கு என்ன செய்தார்? ரெஹானாவை யாரும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போய்விட முடியாது என்பதற்கு நான் ஜவாப். பதிவேட்டில் ஏறியதை யாரும் சும்மா அழித்துவிட முடியாது, அது எனக்கு நன்றாகத் தெரியும். கண்டக்டர் பெண்ணுக்கு நான் செய்யாததை இவளுக்குச் செய்வேன், வேண்டுமென்றால் வாசலில் குறுக்கே படுப்பேன்.

வருகிற வெள்ளிக்கிழமை நீ லீவு போட்டுவிட்டு வா. ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அவர் கடை திறக்க மூன்று மணி ஆகும். அந்த நேரத்தில் கூட்டம் இருக்காது. ரெஹானாவும் நீயும் சேர்ந்து வரவேண்டும். நான் முன்னாலேயே போய் அங்கே பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், என் தலைமேல் சத்தியம். நீங்கள் வராவிட்டால், கடை மூடும்வரை உட்கார்ந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். அடுத்த வெள்ளிக்கிழமையும் போவேன், அதற்கு அடுத்ததற்கும் போவேன். நீங்கள் வந்து சொன்னால் அவர் கத்தமாட்டார், எனக்கு அவரைத் தெரியும். டேப்பைச் சுருட்டிக்கொண்டே இருப்பார். ஒரு கட்டத்தில் என் பக்கம் திரும்பி, உங்களுக்கும் தெரியுமாண்ணே என்று கேட்பார். தெரியும் பாய் என்று சொல்வேன். அதற்கு அவர் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். எனக்குத் தெரிந்த அன்றைக்கு என் தோளைப் பிடிக்கப் பக்கத்து வீட்டு வாத்தியார்தான் இருந்தார், என் மனுஷர்கள் யாரும் இல்லை. பாய்க்கு அப்படி ஆகக்கூடாது.

இப்படிக்கு,
அப்பா